அரோபா: ஒரு ஸ்பானிய அளவைச் சொல்லின் வரலாறு

ஸ்பானிய மொழி அகராதியில் ‘அரோபா’ என்னும் சொல்லைத் தேடுவோர் ஒரே பொருளோடு திரும்புவதில்லை. ஏறத்தாழ 11½ கிலோகிராம் கொண்ட ஒரு நிறை என்பது அதன் ஒரு பொருள். மதுவையும் எண்ணெயையும் அளக்கும் முகத்தலளவை என்பது மற்றொரு பொருள். அதுவும் ஊருக்கு ஊர், பண்டத்திற்குப் பண்டம் மாறும் என்ற குறிப்போடு காணப்படும். மின்னஞ்சல் முகவரியின் நடுவே நிற்கும் சுழிக்குறியின் பெயர் என்பது மூன்றாவது பொருள். எடைக்கல்லும் எண்ணெய்க் குடமும் எழுத்துக் குறியும் ஒரே பெயரைத் தாங்கி நிற்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு அகராதி விடை கூறுவதில்லை. வரலாறே விடை கூறுகிறது.

பிறமொழி கற்போர் அளவைச் சொற்களை எளியன என்று கருதுவது வழக்கம். அன்பு, அறம், நாணம் போன்ற சொற்களைப் பெயர்ப்பது அரிது. நிறையையும் நீளத்தையும் குறிக்கும் சொல்லுக்கு நேரான எண்ணை எழுதிவிட்டால் போதும் என்பது அவர்தம் எண்ணம். அரோபாவின் வரலாறு இவ்வெண்ணத்தைத் தகர்க்கிறது. எண் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மாறாமல் நின்றது வேறொன்று.

நான்கில் ஒன்று

கி.பி. 711ஆம் ஆண்டில் வடஆப்பிரிக்காவினின்று கடல் கடந்து வந்த முஸ்லிம் படைகள் ஐபீரியத் தீபகற்பத்தில் காலூன்றின. 1492இல் கிரானடா வீழ்ந்தபோது அங்கு முஸ்லிம் ஆட்சி முடிவுற்றது. இடைப்பட்ட ஏறத்தாழ 800 ஆண்டுகளில் அரபு மொழி உழவிலும் நீர்ப்பாசனத்திலும் வாணிகத்திலும் தன் சொற்களை ஊன்றியது. அங்ஙனம் ஊன்றியவற்றுள் ஒன்றே அரோபா.

அரபு மொழியில் ‘ருபு’ என்பது நான்கில் ஒரு பங்கு. அதன்முன் ‘அல்’ என்னும் சுட்டு வருமிடத்து, அடுத்து நிற்கும் ரகரத்தோடு இயைந்து ‘அர்-ருபு’ என ஒலிக்கும். ஸ்பானியர் சுட்டையும் பெயரையும் பிரித்தறியாது ஒருசேரக் கொண்டமையால் ‘அரோபா’ பிறந்தது. ஆகவே, இச்சொல்லின் நேர்பொருள் தமிழில் ‘கால்’ என்பதே. எந்த எண்ணிக்கையும் அதனுள் அடங்கியிருக்கவில்லை.

எதில் கால் என்றால், ‘கிந்தால்’ என்னும் பெருநிறையில் கால். தமிழர் குவிண்டால் என வழங்குவதும் இதன் இனமே. இச்சொல்லின் பயணம் வியப்புக்குரியது. நூறு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று தோன்றிய ‘சென்டினாரியம்’ என்னும் நிறைப்பெயர் கிரேக்கத்திற்குச் சென்றது. அங்கிருந்து கீழை மொழிகளின் வாயிலாக அரபு மொழியை அடைந்து ‘கின்தார்’ ஆயிற்று. பின்னர் அரபு வாணிகரோடு மீண்டும் மேற்கே வந்து கிந்தால் ஆயிற்று. இலத்தீன் வழங்கிய நிலத்திற்கே இலத்தீன் சொல்லொன்று அரபு உடையில் திரும்பியது.

அரோபா தனித்து வந்த சொல்லன்று. மதுவை அளக்கும் ‘அசும்ப்ரே’ என்பது எட்டில் ஒன்று என்னும் அரபுச் சொல்லினின்று பிறந்தது. தானியம் அளக்கும் ‘பனேகா’, ‘காயிஸ்’ என்பனவும் அரபு வழியினவே. பொன்னின் மாற்றைக் குறிக்கும் ‘கிலாத்தே’ என்னும் சொல் அரபு ‘கீராத்’ என்பதன் வழி வந்தது. சந்தையின் எடைகளையும் படிகளையும் சோதிக்கும் அலுவலரை அரபியர் ‘முஹ்தசிப்’ என்றனர். கிறித்தவ அரசர்கள் நகரங்களைக் கைப்பற்றிய பின்னரும் அவ்வலுவலை நீக்கவில்லை. ‘அல்மொத்தசேன்’ என்ற பெயரோடு அது தொடர்ந்தது. கொடி மாறியபோதும் சந்தையின் மொழி மாறவில்லை என்பதற்கு இச்சொற்கள் சான்று.

தமிழருக்கு நெருங்கிய சான்றும் ஒன்று உண்டு. ‘ரத்ல்’ என்னும் அரபு நிறைப்பெயர், சுட்டோடு சேர்ந்து போர்ச்சுகீசிய மொழியில் ‘அர்ராத்தெல்’ ஆயிற்று. தமிழில் வழங்கும் ‘இராத்தல்’ என்பதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த சொல்லாகும்.

மாறிய எண்ணும் மாறாத பங்கும்

காஸ்டில் நாட்டு வழக்கில் ஓர் அரோபா 25 லிப்ரா. லிப்ரா என்பது 16 ஓன்சா கொண்ட, ஏறத்தாழ 460 கிராம் நிறை. ஆகவே காஸ்டில் அரோபா 11.5 கிலோகிராம். அகராதிகள் முதலிடம் தருவது இக்கணக்கிற்கே. ஆயின் இது காஸ்டில் நாட்டின் கணக்கேயன்றி ஸ்பெயின் முழுமைக்குமான கணக்கன்று.

அரகானில் ஓர் அரோபா 36 லிப்ரா. அங்கு லிப்ரா சிறியது, ஏறத்தாழ 350 கிராம். எனவே அரோபா 12.6 கிலோகிராம். வலென்சியாவிலும் 36 லிப்ராவே. ஆயினும் லிப்ரா 355 கிராம் ஆதலின் அரோபா 12.78 கிலோகிராமாக உயர்ந்தது. கத்தலோனியாவில் 400 கிராம் கொண்ட 26 லிப்ராக்கள் ஓர் அரோபா, அதாவது 10.4 கிலோகிராம். அண்டை நாடாகிய போர்ச்சுகலில் 32 அர்ராத்தெல் ஓர் அரோபா, அது 14.69 கிலோகிராம்.

25, 36, 26, 32 என்னும் இவ்வெண்களைத் தனித்தனியே நோக்குவோர்க்கு இவை ஒழுங்கற்றனவாகத் தோன்றும். ஒவ்வொன்றையும் நான்கால் பெருக்கினால் ஒழுங்கு புலனாகும். காஸ்டில் கிந்தால் 100 லிப்ரா; அரகான் கிந்தால் 144 லிப்ரா; கத்தலோனியக் கிந்தால் 104 லிப்ரா; போர்ச்சுகீசியக் கிந்தால் 128 அர்ராத்தெல். முழுமை நாட்டுக்கு நாடு வேறுபட்டது. ஆனால் அரோபா எங்கும் அம்முழுமையின் காலாகவே நின்றது. அரபியர் தந்த பெயர் எண்ணைச் சுட்டவில்லை, பங்கைச் சுட்டியது. பங்கு மாறாததால் பெயரும் மாறவில்லை.

இதனை அறியாதார் வரலாற்றில் எத்துணைப் பிழை நேரும் என்பதற்குச் சிறு கணக்கு ஒன்று போதும். வலென்சிய ஏடொன்றில் 1,000 அரோபா என்றிருப்பதைக் கண்டு, அகராதி சொன்ன 11.5 என்னும் எண்ணால் ஒருவர் பெருக்குவாராயின் 11,500 கிலோகிராம் என்று எழுதுவார். உண்மையோ 12,780 கிலோகிராம். 1,280 கிலோகிராம் பண்டம் எழுதுகோலின் முனையில் மறைந்துவிடுகிறது. ஊர்களின் விளைவையும் வரியையும் ஒப்பிடும் ஆராய்ச்சியில் இஃது ஏழையைச் செல்வனாகவும் செல்வனை ஏழையாகவும் காட்டிவிடும்.

எண்ணெயும் மதுவும்

நிறையின் பெயர் முகத்தலளவையின் பெயராக மாறியதும் ஆராயத்தக்கது. காஸ்டில் வழக்கில் எண்ணெய் அரோபா 12.56 லிட்டர். ஒலிவ எண்ணெய் நீரினும் இலேசானது. ஒரு லிட்டர் ஏறத்தாழ 916 கிராம் நிறையுடையது. 12.56 லிட்டர் எண்ணெயை நிறுத்தால் ஏறத்தாழ 11.5 கிலோகிராம் வரும். அதுவே அரோபா நிறை! ஓர் அரோபா நிறையுள்ள எண்ணெய் எந்தக் கலத்தை நிரப்புமோ, அக்கலமும் அரோபா என்றே பெயர் பெற்றது. எண்ணெய் அரோபாவை 25 லிப்ராக்களாகப் பகுத்தமையும் இத்தொடர்பைக் காட்டுகிறது. ஒவ்வொரு முறையும் தராசைத் தூக்காமல் முகந்து விற்பதற்கு இது வசதியாயிற்று.

மதுவின் நிலை வேறு. மது அரோபா 16.13 லிட்டர், ‘காந்தரா’ அதாவது குடம் என்றும் அதற்குப் பெயருண்டு. அது 8 அசும்ப்ரேயாகவும், ஒவ்வோர் அசும்ப்ரேயும் 4 ‘குவார்த்தில்யோ’வாகவும் பகுக்கப்பட்டது. அதன் நிறை 25 லிப்ராவன்று, ஏறத்தாழ 35 லிப்ரா. இங்கே அரோபா என்னும் பெயர் நிறையை விட்டு நீங்கிக் கலத்தையே பற்றிக்கொண்டது. எனவே ஓர் அரோபா மதுவும் ஓர் அரோபா எண்ணெயும் வாங்கிய காஸ்டில் நாட்டான் இருவேறு கலங்களை எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. பெயர் ஒன்றாயினும் அவன் ஏமாறவில்லை; ஏனெனில் பண்டத்தின் பெயரைக் கேட்ட அளவிலேயே எந்தக் கலம் என்பதை அவன் அறிவான். ஏமாறக்கூடியவர், சொல்லை மட்டும் கற்ற அயலாரே.

மக்கள் வழக்கில்

ஒரு சொல்லின் உயிர் மக்கள் பேச்சில் உள்ளது. சர்வாந்தெஸ் எழுதிய ‘டான் கிஹோட்டே’ நூலின் இரண்டாம் பாகம் 1615இல் வெளிவந்தது. அதன் 66ஆம் அதிகாரத்தில் ஒரு வழக்கு வருகிறது. 11 அரோபா நிறையுள்ள பருத்த மனிதன் ஒருவன், 5 அரோபா மட்டுமே உள்ள மெலிந்தவனை ஓட்டப் பந்தயத்திற்கு அழைக்கிறான். இருவரும் சம நிறையோடு ஓட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகவே மெலிந்தவன் 6 அரோபா இரும்பைச் சுமந்து ஓடட்டும் என்கிறான் பருத்தவன். ஊரார் தீர்ப்புக் கேட்க, சாஞ்சோ பான்சா வேறு வழி கூறுகிறான்: பருத்தவனே தன் உடம்பினின்று 6 அரோபா சதையைக் குறைத்துக்கொண்டு 5 அரோபாவாக வந்து நிற்கட்டும் என்பது அவன் தீர்ப்பு. 6 அரோபா இருக்கட்டும், ஓர் ஓன்சாச் சதையையும் அவன் இழக்க இசையான் என்று ஊரான் ஒருவன் சொல்கிறான்.

இந்நகைச்சுவையைப் படிப்போர் 126½ கிலோகிராம், 57½ கிலோகிராம் என்று கணக்கிட்டு அறிந்தால் பாதியே அறிந்தவராவர். ஓர் அரோபாவில் 400 ஓன்சா உண்டு. பேரளவுக்கு அரோபா, சிற்றளவுக்கு ஓன்சா என்று இரண்டையும் எதிர்நிறுத்திப் பேசுவது ஸ்பானிய வழக்கின் சுவை. ‘அரோபா அரோபாவாக’ என்றால் ஏராளமாக என்று பொருள். தமிழில் மூட்டை மூட்டையாக என்பது போன்றது. இவ்விடத்தில் அரோபாவுக்குக் கிலோகிராமில் விடை தேடுவது வீண்முயற்சி.

அரசாணையும் சந்தையும்

இத்தனை வேறுபாடுகளையும் ஒழித்து நாடெங்கும் ஒரே அளவையை நிறுவ அரசர்கள் முயலாமல் இல்லை. பத்தாம் அல்போன்சோ 1261இல் முயன்றார். பதினோராம் அல்போன்சோ 1348இல் அல்காலா நகரில் கூடிய மன்றத்தில் மீண்டும் சட்டம் செய்தார். ஏறத்தாழ நான்கரை நூற்றாண்டுகளுக்குப் பின், 1801இல், நான்காம் கார்லோஸ் அதே ஆணையைப் பிறப்பிக்க வேண்டியதாயிற்று: நீளத்திற்குப் புர்கோஸ் நகரத்துக் கோல், தானியத்திற்கு ஆவிலா நகரத்துப் படி, மதுவிற்குத் தொலேடோ நகரத்துக் கலம், நிறைக்கு அரசவைக் காப்பகத்தில் உள்ள எடை என்று விதித்தார். ஒரே ஆணை மீண்டும் மீண்டும் பிறப்பிக்கப்படுவதே, முன்னைய ஆணை நிறைவேறவில்லை என்பதற்குச் சான்று.

மக்களின் அறியாமையே இதற்குக் காரணம் என்று கூறுதல் பொருந்தாது. ஒரு தோப்பின் குத்தகை ஆண்டுக்கு இத்தனை அரோபா எண்ணெய் என்று ஓலையில் எழுதப்பட்டிருக்குமாயின், அரோபாவை மாற்றுவது குத்தகையை மாற்றுவதாகும். கலம் பெரிதானால் உழவனுக்கு இழப்பு. சிறிதானால் நிலவுடைமையாளனுக்கு இழப்பு. கடனுக்கும் வரிக்கும் கோயில் காணிக்கைக்கும் இதுவே நிலை. அளவையில் கைவைப்பது ஊராரின் ஒப்பந்தங்கள் அனைத்திலும் கைவைப்பதாகும். ஆகையால் ஒவ்வோர் ஊரும் தன் அரோபாவை இறுகப் பற்றிக்கொண்டது.

1849ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், இரண்டாம் இசபெல் அரசியின் காலத்தில், மீட்டர் முறையை ஏற்கும் சட்டம் நிறைவேறியது. கணக்குக் கற்பிக்கும் பள்ளிகள் அனைத்திலும் 1852 முதல் புதுமுறையைக் கற்பிக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. சந்தைக்கு முன்னரே பள்ளிக்குக் கட்டளை பிறந்தமை ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது. அதே 1852இல் ஒவ்வொரு மாகாணத்தின் பழைய அளவைகளுக்கும் நேரான புதிய அளவைகளைக் காட்டும் அட்டவணைகளை அரசே வெளியிட்டது. பழைய அரோபாக்களை ஒழிக்க வந்த ஆட்சியே அவற்றை ஊர் ஊராக எண்ணி அச்சிட்டுக் காத்தது! இன்று ஆராய்ச்சியாளருக்குத் துணைநிற்பவை அவ்வட்டவணைகளே.

சட்டம் நாடு முழுமைக்கும் கட்டாயமாவது பலமுறை தள்ளிவைக்கப்பட்டு 1880இல்தான் கைகூடியது. இதற்கிடையே 1875இல் பாரிசில் கையெழுத்தான மீட்டர் உடன்படிக்கையில் ஸ்பெயினும் சேர்ந்தது; அதன்வழி அமைந்த பன்னாட்டு அளவைக் குழுவின் முதல் தலைவராகக் கார்லோஸ் இபானெஸ் என்னும் ஸ்பானியரே விளங்கினார். உலகுக்கு மீட்டர் முறையை நிறுவிய குழுவுக்குத் தலைமை தாங்கியவரின் நாட்டிலேயே அரோபா சாகவில்லை.

கடல் கடந்த அரோபா

ஸ்பானியரோடும் போர்ச்சுகீசியரோடும் அரோபா அமெரிக்கக் கண்டத்திற்குச் சென்றது. கியூபாத் தீவில் கரும்பு பயிரிட்ட ‘கொலோனோ’ என்னும் உழவர்கள் ஆலைக்குக் கரும்பைக் கொடுத்துச் சர்க்கரைக் கணக்கில் விலை பெற்றனர். 100 அரோபா கரும்புக்கு இத்தனை அரோபா சர்க்கரை என்பது ஒப்பந்தம். 5 அரோபா என்றால் நூற்றுக்கு ஐந்து. அரோபாவின் நிறை என்னவாயினும் விகிதம் மாறாது. பங்கு என்னும் ஆதிப்பொருள் மீண்டும் இங்கே தலைதூக்குவதைக் காணலாம். அந்த எண் 5ஆ 6ஆ என்பதே உழவர் குடும்பத்தின் வாழ்வைத் தீர்மானித்தது.

கொலம்பியா 1853இலும் பிரேசில் 1862இலும் மீட்டர் முறையைச் சட்டமாக்கின. ஆயினும் மக்கள் அரோபாவைக் கைவிடவில்லை. அதைக் கிலோகிராமோடு பொருந்துமாறு சற்றே திருத்திக்கொண்டனர். கொலம்பியாவில் லிப்ரா 500 கிராம் என்று முழுமையாக்கப்பட, 25 லிப்ரா கொண்ட அரோபா 12.5 கிலோகிராம் ஆயிற்று. அந்நாட்டில் காப்பிக்கொட்டையின் விலை கூறப்படும் ‘கார்கா’ என்னும் சுமை 125 கிலோகிராம்; சரியாகப் பத்து அரோபா. பிரேசிலிலோ பழைய போர்ச்சுகீசிய அரோபா 15 கிலோகிராமாக முழுமை பெற்றது. கொழுத்த மாட்டின் விலை இன்றும் அங்கே அரோபாவில்தான் கூறப்படுகிறது. அது தோலும் குடலும் நீக்கிய இறைச்சியின் நிறை. உயிருள்ள மாட்டில் பாதியே இறைச்சி எனக் கொண்டு, 30 கிலோகிராம் உயிர் நிறைக்கு ஓர் அரோபா என்று மாடு வளர்ப்போர் கணக்கிடுவர்.

கிழக்கே பிலிப்பைன்ஸ் தீவுகளில் இதன் மறுபக்கம் காணப்படுகிறது. 1565 முதல் 1898 வரை அங்கு ஆண்ட ஸ்பானியர், அரிசி அளக்க உள்ளூர் அளவைகளையே ஏற்றனர். ‘காந்தா’, ‘சூப்பா’ என்று ஸ்பானிய ஏடுகளில் வரும் அவை மலாய் மொழியின் ‘காந்தாங்’, ‘சூப்பாக்’ என்பனவே. ஆனால் பிலிப்பைன்சில் 8 சூப்பா ஒரு காந்தா, அது 3 லிட்டர். மலாயாவில் 4 சூப்பாக் ஒரு காந்தாங், அது 4.54 லிட்டர். மலேசியர்க்கும் சிங்கப்பூரார்க்கும் பழகிய பெயர் என்று எண்ணி அவ்வேடுகளைப் படிப்போர் ஒவ்வொரு காந்தாவிலும் ஒன்றரை லிட்டர் அரிசியை மிகுதியாகக் கணக்கிட்டுவிடுவர். தெரியாத சொல்லினும் தெரிந்தது போலத் தோன்றும் சொல்லே பெரும் பிழைக்கு இடமாகிறது.

எடைக்கல் எழுத்தானது

வாணிகர் ஏடுகளில் அரோபா என்று முழுமையாக எழுதுவதற்குப் பதில், முதலெழுத்தை இட்டு அதன் வாலை நீட்டிச் சுற்றி வளைக்கும் சுருக்கக்குறி வழங்கியது. 1536ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் பிரான்செஸ்கோ லாப்பி என்னும் பிளாரன்ஸ் வாணிகர் செவில்யா நகரினின்று ரோமுக்கு எழுதிய மடலில், மதுவின் அளவைக் குறிக்க இச்சுழிக்குறி வந்துள்ளது. ஜார்ஜோ ஸ்தாபிலே என்னும் இத்தாலிய அறிஞர் 2000இல் இதனை எடுத்துக்காட்டினார். ஆங்கில வாணிகரோ அதே வடிவை ‘வீதம்’ என்னும் பொருளில் விலைச்சீட்டுகளில் எழுதினர். அதனால் அது தட்டச்சுப் பொறியில் இடம்பெற்றது. 1971இல் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் மின்னஞ்சலை அமைத்தபோது, ஆளின் பெயரையும் கணிப்பொறியின் பெயரையும் பிரிக்க அக்குறியைத் தேர்ந்தெடுத்தார். ஸ்பானியருக்கு அதற்குப் புதுப்பெயர் தேட வேண்டிய தேவை எழவில்லை. அவர்கள் ஏட்டில் அது முன்னரே அரோபாவாக இருந்தது. இன்று நிறையை அறியாத சிறுவரும் அரோபா என்ற சொல்லை நாள்தோறும் வழங்குகின்றனர்.

கற்பிப்போர் கருத்துக்கு

அரோபாவைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது? பழைய சென்னை மணங்கு 8 வீசை, அதாவது 25 இராத்தல், அது 11.34 கிலோகிராம். காஸ்டில் அரோபாவும் 25 லிப்ரா, 11.5 கிலோகிராம். இரண்டுக்கும் பிறப்பில் உறவில்லை எனினும் நிறையில் நெருக்கம் உண்டு. ஆதலின் காஸ்டில் நாட்டுக் கதையை மொழிபெயர்ப்போர் மணங்கு என்று எழுதினால் அளவு பெரிதும் பிழையாகாது. படிப்போரின் தோளும் அச்சுமையை உணரும். ஆனால் கத்தலோனிய ஏட்டிலும் கொலம்பியக் காப்பித் தோட்டத்திலும் மணங்கு பொருந்தாது. மதுக்குடத்திற்கோ அது முற்றும் பொருந்தாது. அங்கெல்லாம் அரோபா என்றே எழுதி, அவ்விடத்து அளவைக் குறிப்பாகத் தருவதே முறை.

எந்த நாட்டு அளவைச் சொல்லையும் கற்பிக்குமுன் நான்கு வினாக்களை எழுப்புதல் நன்று: இது எதன் பங்கு? எந்தப் பண்டத்திற்கு? எந்த ஊரில்? எந்தக் காலத்தில்? நான்குக்கும் விடை கிடைத்த பின்னரே எண்ணை எழுத வேண்டும். வீசையும் பலமும் மரக்காலும் படியும் பாடநூலின் அட்டவணையில் மட்டும் எஞ்சியுள்ள இக்காலத்தில், தமிழ்க் கல்வெட்டையும் பழைய கணக்கேட்டையும் படிக்கும் மாணவர்க்கும் இவ்வினாக்கள் பயன்படும். அளவுக்கு எண் வேண்டும். அளவைச் சொல்லுக்கு அதை வழங்கிய மக்களின் வாழ்வும் வேண்டும்.